பால் கொடுத்தவளின் பங்கு

"...தாய் வழியாத்தான் வரும்னா என்கிட்ட இருந்து எடுத்துக்கிடுங்க டாக்டர். நானும் இவளுக்கு உம்மாதான்!"

இப்படிச் சொன்னது பாத்திமாக்கா. தாராவியில் எங்கள் பக்கத்து வீடு. பிரசவம் முடிந்து நான் காய்ச்சலில் கிடந்தபோது என் மகள் செல்விக்குப் பால் கொடுத்தவர். அவர்கள் வழக்கத்தில் பால் கொடுத்தவளும் தாய்தான்.

ஐந்து வயதாகியும் செல்விக்கு நிற்க வலு இல்லை. உடம்புக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவில் கோளாறு, அது அம்மாவிடமிருந்து வந்தது என்றார் மாதுங்கா ஆஸ்பத்திரி டாக்டர். நல்ல மைட்டோகாண்ட்ரியாவை எடுத்து நோயாளிக்குச் செலுத்திப் பார்க்கிறார்களாம். ஆனால் என்னுடையது உதவாதாம். நான் தலை நிமிரவில்லை. அப்போதுதான் அக்கா அப்படிச் சொன்னார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "பால் கொடுத்ததால அது பொருந்திடாதும்மா. அந்தச் சிகிச்சையே இன்னும் சோதனையிலதான் இருக்கு. இவளுக்குக் கொடுக்க இப்ப என்கிட்ட எதுவும் இல்ல."

"அது வர்ற வரைக்கும் இவ தாங்குவாளா?" என்றேன். அவர் செல்வியின் ரிப்போர்ட்டை மூடி வைத்தார்.

"எல்லாம் என்னாலதானேக்கா" என்று உடைந்துபோனேன்.

"ஏட்டி, நீ மட்டுமா தாய்? பழின்னா பாதி எனக்கு" என்று அதட்டினார் அக்கா.

பெத்த மனம் பித்து என்பார்கள். பால் கொடுத்த மனத்துக்கு ஏனோ யாரும் பழமொழி சொல்லி வைக்கவில்லை.

நான் செல்வியைத் தூக்கிக்கொண்டு எழுந்து கதவைத் திறந்துவிட்டேன். கூடவே எழுந்த அக்கா வெளியே வரவில்லை. என் இடுப்பிலிருந்து செல்வியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, டாக்டருக்கு எதிரே மறுபடியும் உட்கார்ந்தார்.