தெரிந்தே பெற்ற பிள்ளை

என் அக்கா கணவருக்குக் கடைத்தெருவில் எடைக்கல் என்று பெயர். தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷ வேலை. சரி என்றால் சரி, தப்பு என்றால் தப்பு. நடுவில் இன்னொன்று இருப்பதாக அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நான் ஆணியும் கீலும் விற்கிறவன். என் கடைத் தராசு கொஞ்சம் பிசகியதற்கு, மைத்துனன் என்றும் பாராமல் திருப்பி அனுப்பினார்.

"அத்தான், ரெண்டு ஆணியை மிச்சம் பிடிச்சு நான் மாடி வீடா கட்டப்போறேன்?"

"ஒரு கிலோங்கிறது உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா?"

ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறவரிடம் என்ன பேசுவது?

போன மாசம் மறுபடி முத்திரைக்குப் போனேன். அரிசிமணி அளவு எடைகளை அவர் கையால் தொடமாட்டார். விரல் பிசுக்கு ஒட்டினாலே எடை மாறிவிடும். சின்ன இடுக்கியால்தான் எடுத்துவைப்பார். அன்றைக்கு மூன்று தடவை எடுத்தார், மூன்று தடவையும் நழுவியது. "ராத்திரி சரியாத் தூங்கல" என்றார். அவருடைய அண்ணனுக்கும் கையில்தான் ஆரம்பித்தது. பிறகு நடை போயிற்று, பேச்சு போயிற்று, கடைசியில் கட்டிலோடு கட்டிப்போட்டிருந்தார்கள். குடியால் வந்த வினை என்று அத்தான் எங்களிடம் சொல்லியிருந்தார். அத்தான் ஒரு சொட்டு குடித்தவரில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அக்கா வீட்டில் இருந்தபோது அவர் மகள் வந்தாள். மூன்று மாசம் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை, இனிப்பு செய்கிறேன் என்று சமையலறைக்கு ஓடினாள். அத்தான் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். குடியால் வந்ததில்லை, பரம்பரை நோய். அவர் அப்பா, அண்ணன், இப்போது அவர். அவருடைய பரிசோதனை முடிவும் வந்துவிட்டது. நோய் உள்ளவருக்குப் பிறக்கிற பிள்ளைக்கு அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவளுக்கும் அப்படித்தான், அவளுக்கு இருந்தால் வயிற்றில் இருப்பதற்கும்.

"இது வேண்டாம்மா. தெரிஞ்சே பெத்துக்கிறது தப்பு."

அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் குரல் உடையவில்லை. "அது உங்க நினைப்புப்பா. இதுலல்லாம் சரி தப்பு ஆளுக்கு ஆள் மாறும்."

"மாறாது. நாம ஒத்துக்கிட்டாலும் ஒத்துக்காட்டாலும் தப்பு தப்புதான்."

"இது பரம்பரையா வர்றதுன்னு உங்களுக்கு எப்போ தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த மனுஷனுக்கு அது வராது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"நீ பொறக்கிறதுக்கு முன்னாடியே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார். என் அக்காவிடம்கூட மூச்சு விடவில்லை. எனக்கு அவரை ஓங்கி அறையவேண்டும் போலிருந்தது.

"அப்போ நான் தப்பா?"

"நீ தப்பில்லம்மா. நான் செஞ்சது தப்பு."

"ரெண்டும் வேறயாப்பா? நீங்க சரியா நடந்திருந்தா நானே இருக்கமாட்டேனே."

அவர் தரையைப் பார்த்தார். பாவமாக இருந்தது, கோபமும் போகவில்லை.

அவள் என் பக்கம் திரும்பினாள். "மாமா, எனக்கும் இது வரலாம். அது தெரிஞ்சேதான் கேக்குறேன். நான் பொறந்திருக்கவே கூடாதா?"

"யாருடி அப்படிச் சொன்னது? நீ பொறந்ததுல ஒரு தப்பும் இல்ல!" அவள் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

"அப்போ இதுவும் பொறக்கலாம்ல?"

கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா ஏலக்காய் இடிக்கும் சத்தம் கேட்டது. வாயைத் திறந்தேன். ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அது வரவில்லை.

அவள் எழுந்து கதவைத் திறக்கப் போனாள். "சரி மாமா" என்றாள்.