நாற்பத்து மூன்று வெற்றுக் கட்டங்கள்

முன்னறையில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். தொடர்ந்து கோப்பை தட்டில் மோதும் சத்தம். படுக்கையறை மூலையில் கணினிக்கு முன் இருந்த அனற்றுக்கு அது யாருடைய சிரிப்பென்று தெரியும். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்த வீரய்யா. மண் சரிந்த நாளிலிருந்து மனைவி, இரண்டு மகள்களோடு மாதா கோயில் மண்டபத்தில் தங்கியிருப்பவர்.

“மெசேஜ் வந்திருச்சி தம்பி. எங்க வீடு பாதுகாப்பாம், திரும்பிப் போகலாமாம்,” என்று அனற்றின் கணவன் வின்சன்ட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “ஒண்ணுதான் வெளங்கல. எங்க பக்கம் ஒரு ஆபிசரும் வரல்ல. ரோட்டு இல்லன்னு பாலத்தடியிலயே திரும்பிட்டாங்க. வராமலே எப்படிப் பாத்தாங்களோ.”

“ட்ரோன் அனுப்பியிருப்பாங்கண்ணே.”

“எங்க கூரையப் பாத்திருந்தா ட்ரோனே அழுதிருக்கும்.”

மறுபடியும் சிரிப்பு. அனற் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். அந்தச் செய்தி யார் யாருக்குப் போக வேண்டும் என்ற பட்டியலைச் செய்தவள் அவள்தான்.

பயம் அனற்றுக்குப் புதிதல்ல. கட்டுகஸ்தோட்டையில் ஒரு எழுதுவினைஞரின் மகளாகப் பிறந்து, அப்பாவின் முகம் கறுத்தால் சோறு இறங்காமல் வளர்ந்தவள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்தாள். பதினாறு வருடம் ஒரு காப்புறுதிக் கம்பனியில் இருந்தபோதுதான் அந்தக் கணினி மொழியைக் கற்றாள். எண்களை ஒவ்வொன்றாகத் தொடாமல் முழு வரிசையையும் ஒரே அடியில் மாற்றும் மொழி அது. அதில் அவள் மிகவும் நேசித்தது ‘இல்லை’ என்னும் குறியை. அலைபோல் நெளிந்த சின்னஞ்சிறு கோடு. வரிசைக்கு முன்னால் அதைப் போட்டால் ஒன்றெல்லாம் சைபராகும், சைபரெல்லாம் ஒன்றாகும். கம்பனி மூடிய பிறகு நிவாரணக் குழுவுக்குச் சம்பளமில்லாமல் பட்டியல் போட்டுக் கொடுத்தாள். “அனற் செய்தா பிழைக்காது” என்று குழுவை நடத்தும் ஃபாதர் ஒருநாள் சொன்னபோது, நாற்பத்தேழு வயதுப் பெண், குசினி அடுப்படியில் ஒளிந்து நின்று அழுதாள்.

இன்று காலை எண்ணூற்றுப் பன்னிரண்டு வீடுகளின் வரிசை வந்தது. வெடிப்புக் கண்ட வீட்டுக்கு ஒன்று, காணாத வீட்டுக்குச் சைபர். திரும்பிப் போகக்கூடியவர்களைப் பிரித்தெடுக்க, அந்தக் குறியை முன்னால் போட்டாள். கணினி மறுத்தது. நாற்பத்து மூன்று கட்டங்களில் ஒன்றுமே எழுதப்படவில்லை. ஒன்றையும் சைபரையும் தவிர வேறெதையும் அந்தக் குறி தொடாது. மதியத்துக்குள் அனுப்பச் சொல்லி ஏற்கெனவே மூன்று அழைப்புகள் வந்துவிட்டன. ஏச்சு விழுமே என்ற நடுக்கத்தில் வெற்றுக் கட்டங்களைச் சைபரால் நிரப்பினாள். மறுகணம் குறி வேலை செய்தது. எவருமே போய்ப் பார்க்காத நாற்பத்து மூன்று வீடுகளும் பாதுகாப்பான வீடுகளாகிவிட்டன.

கூரைத் தகரத்தில் மழை மறுபடி பிடித்தது.

பேசாமல் இன்னொரு செய்தி அனுப்பிவிடலாமா? தன் பிழை யாருக்கும் தெரியாமல் போய்விடும். அனற் மாதாவின் பெயரை முணுமுணுத்தாள். எழுந்து முன்னறைக்கு வந்தாள்.

“வீரய்யாண்ணே, போகாதீங்க.”

“டீயக் குடிச்சிட்டுத்தான் மிஸ் போவேன்.”

“வீட்டுக்குப் போகாதீங்க. அந்த மெசேஜ் பிழை. உங்க வீட்ட யாரும் பாக்கல்ல. பாக்காத நாப்பத்து மூணு வீட்டுக்கும் சைபர் போட்டது நான்தான்.”

வின்சன்ட் மனைவியையே பார்த்தான். வீரய்யாவின் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு வடிந்தது.

“அவங்க மேல ஏறிட்டாங்களே மிஸ். பொம்பளையும் புள்ளைகளும் மெசேஜ் வந்த கையோட பாலத்தடி வரைக்கும் ஆட்டோ புடிச்சி, அங்கருந்து நடந்தே போயிட்டாங்க.”

வீரய்யா மனைவியை அழைத்தார். மணி அடித்து ஓய்ந்தது. மீண்டும் அழைத்தார். அனற் கதிரையின் முதுகைப் பற்றிக்கொண்டாள். மூன்றாம் முறை ஒரு பெண் குரல்.

“அடுப்ப விடு. பானைய விடுன்னு சொல்றேன். புள்ளைகளக் கூட்டிக்கிட்டு இப்பவே கீழ எறங்கு. என்னது?” வின்சன்ட்டின் பக்கம் திரும்பினார். “செவத்துக்குப் பின்னால சேத்துத் தண்ணி வருதாம் தம்பி… எறங்கு புள்ள. செருப்புத் தேடாத.”

அழைப்பு அறுந்தது. வீரய்யா ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

“மத்தவங்களுக்கு யாரு சொல்றது?”

“நான் சொல்றேண்ணே.”

“ஃபோன் எடுக்காதவங்களுக்கு?”

வீரய்யா எழுந்து குடையை எடுத்தார்.

“எங்க லயத்து ஆளுங்க பேர எழுதித் தாங்க. வழியெல்லாம் கத்திக்கிட்டே போறேன்.”

அனற் பதினொரு பெயர்களை எழுதினாள். எழுத்து கோணிக் கோணிப் போனது. அவர் தாளைப் பொலித்தீன் ஷொப்பிங் பைக்குள் சுற்றிச் சட்டைக்குள் செருகினார். அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை.

“தெரியாட்டி தெரியாதுன்னு போடுங்க மிஸ். அதுக்கெல்லாம் நாங்க கோவிச்சிக்க மாட்டோம்.”

தேநீர் பாதியோடு இருந்தது. குடையை விரிக்காமலே மழைக்குள் இறங்கி ஓடினார்.

வின்சன்ட் தன் ஃபோனை எடுத்தான். “பட்டியல்ல கீழ்ப்பாதிய நான் எடுக்கிறேன்.” அனற் தன் ஃபோனோடு வாசலுக்கு வந்து முதல் இலக்கத்தை அழுத்தினாள். வளைவில் வீரய்யா மறைந்தார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டேயிருந்தது, யாரும் எடுக்கவில்லை. சாரல் உள்ளே அடிக்கவே, வின்சன்ட் எழுந்து வந்து கதவைச் சாத்தினான். அனற் அடுத்த இலக்கத்தை அழுத்தினாள்.