சட்டப்படி நான் சூதாடி அல்ல

டின்னில் இருந்த பணத்தை எடுத்தவன் நான்தான். என் மச்சான் முரளி இல்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம். ஆளைச் சிரிக்க வைத்தே திசைதிருப்பிவிடுவேன். நடுவில் நீங்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள்... முதல் வரியை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

மலேசியாவில், ஈப்போ நகரத்துச் சிலிபினில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். வயது ஐம்பத்திரண்டு. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால், பள்ளி விடும்வரை வேனுக்குள் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. முன்பெல்லாம் தூங்குவேன். பிறகு கைத்தொலைபேசியில் ஒரு போர் விளையாட்டைப் பிடித்துக்கொண்டேன். தூக்கமே மேல் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த விளையாட்டில் ஒரு சிவப்புப் புலி உண்டு. அதன்மேல் ஏறிப் போருக்குப் போகலாம். ஆனால் புலியை நேராக விலைக்கு வாங்க முடியாது. நிஜக் காசு கட்டிப் பெட்டிதான் வாங்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்பது திறந்தால்தான் தெரியும். பெட்டி குலுங்கும், இடுக்கு வழியே பொன்னிற வெளிச்சம் கசியும்... தொப்பி. இன்னொரு பெட்டி. மறுபடியும் தொப்பி. என் வீரனுக்கு இருப்பது ஒரு தலை. அவனுடைய தொப்பிகளை வைத்து ஈப்போ பழைய டவுனில் கடையே போடலாம்.

நல்ல நேரமும் பார்த்தேன். ராகு காலத்தில் பெட்டி திறப்பதில்லை. பிறகு ஒரு சந்தேகம் வந்தது: ராகு காலம் சிலிபினுக்கா, அந்தக் கம்பெனி இருக்கும் ஊருக்கா? இரண்டு ஊருக்கும் ராகு காலம் இல்லாத நேரமாகக் கணக்குப் போட்டுத் திறந்தேன். காலுறை வந்தது.

நான் ஒன்றும் அறியாதவன் இல்லை. ஆயர் தாவார் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். தோட்டத்துக் கடையில் டிக்கம் அட்டை தொங்கும். காசு கொடுத்து ஒரு சீட்டைக் கிழித்தால், அதில் இருக்கும் எண்ணுக்கு மிட்டாயோ பொம்மையோ கிடைக்கும். பெரிய பொம்மைக்கு உரிய சீட்டைக் கடைக்காரர் முன்னமே எடுத்து ஒளித்துவிடுவார் என்பது எட்டு வயதில் எனக்குத் தெரியும். ஐம்பத்திரண்டில் எப்படி மறந்தது?

சம்பளம் போதாமல் போனபோது என் கண் டின்னின் மேல் விழுந்தது.

என் மனைவி சரசு கூட்டு பிடிப்பவள். எங்கள் வரிசை வீட்டுப் பெண்கள் மாதாமாதம் அவளிடம் பணம் கட்டுவார்கள். மொத்தத்தையும் மாதம் ஒருத்தி எடுத்துக்கொள்வாள். இத்தனை ஆண்டுகளில் ஒரு பெண்கூட அவளைச் சந்தேகித்ததில்லை. அந்தப் பணம் பால்மாவு டின்னில், குசினியில் அடுப்புப் பக்கம் அரிசி வாளிக்குப் பின்னால் இருக்கும். கொஞ்சம் எடுத்தேன். புலி வந்ததும் திருப்பி வைத்துவிடலாம் என்று இன்னும் கொஞ்சம். புலி வந்தால் பணம் எங்கிருந்து வரும்? அதை நான் யோசிக்கவே இல்லை.

பணம் கொடுக்க வேண்டிய நாள் வந்தது. டின் காலி.

முரளி சரசுவின் தம்பி. தஞ்சோங் மாலிம் பக்கம் கார் தொழிற்சாலையில் வேலை. வார விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வருவான். நாலு நம்பர் லாட்டரிப் பைத்தியம். சாவு வீட்டில் எல்லாரும் அழுதுகொண்டிருக்க, இவன் சவ வண்டியின் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டிருப்பான். "சூதாடி வந்துட்டான், மொய்ப் பணத்த எண்ணி வைங்க" என்று விசேஷ வீடுகளில் நான் சொல்வேன். எல்லாரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான்.

"என்னங்க, நேத்து முரளி வந்தானா?" என்றாள் சரசு. டின் அவள் மடியில் இருந்தது.

"வந்தான். குழாய் ஒழுகுதுன்னு சரி பண்ணிக் கொடுத்தான்."

"எவ்ளோ நேரம் இருந்தான்?"

"ரொம்ப நேரம் இருந்தான். குசினியிலதான்."

கவனித்தீர்களா? ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

மறுவாரம் அவன் வந்தபோது சரசு செருப்பைக் கழற்றவே விடவில்லை. "நான் எடுக்கலக்கா" என்றான், ஒரே ஒரு முறை. பிறகு என் பக்கம் திரும்பினான். "மச்சான், நீங்களாச்சும் சொல்லுங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நம்பர் ஏதாச்சும் அடிச்சிச்சா மச்சான்?"

பழக்க தோஷம். அன்று யாரும் சிரிக்கவில்லை.

சரசு கழுத்துச் சங்கிலியை விற்றுப் பெண்களுக்குக் கொடுத்தாள். போலீசுக்குப் போகவில்லை. "கூட்டுப் பணம் காணோம்னு போய் நின்னா, என்னைத்தான் முதல்ல உள்ள வைப்பாங்க" என்றாள். பயத்தில் உளறுகிறாள் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு நாள், நான் வேன் நிறுத்தும் கடைவரிசையில் போலீஸ் வண்டிகள் வந்து நின்றன. கணினிக் கடை என்று பலகை மாட்டி, உள்ளே இணையச் சூதாட்டம் நடத்தியிருக்கிறார்கள். எனக்கு அது எங்கே தெரியும்? என்னைத்தான் பிடிக்க வந்துவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். ஒளிக்க இடமில்லை. மதியச் சாப்பாட்டு அடுக்கைத் திறந்து கைத்தொலைபேசியைச் சாம்பாருக்குள் இறக்கினேன். சார்ஜன் ஒருவர் சன்னலைத் தட்டினார். இரண்டு கையையும் தூக்கினேன்.

"அண்ணே, வேன கொஞ்சம் பின்னால எடுங்க. லாரி வரணும்."

நம்ம தமிழர்தான். உயிர் திரும்பியது. திரும்பிய உயிர் சும்மா இருந்ததா? "சார், என் கூட்டாளி ஒருத்தன்..." என்று ஆரம்பித்துப் பெட்டிக் கதையைச் சொன்னேன். அது குற்றமா என்று கேட்டேன்.

"ஜெயிச்சா காசா மாத்த முடியுமா?"

"முடியாது சார். தொப்பிதான் வரும்."

"அப்புறம் அதச் சூதாட்டம்னு எப்படிப் புடிக்கிறது? சட்டம் பழசு லா. அப்ப இந்தப் போனே கிடையாது."

"தோத்த காசு?"

"எங்க தோத்தாரு? பெட்டி வாங்குனாரு, பெட்டி வந்திருச்சி."

"சரி சார்... பொம்பளைங்க சேர்ந்து கூட்டு புடிக்கிறாங்களே, அது?"

"அது தப்பு. அதுக்குத் தனிச் சட்டமே இருக்கு." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அண்ணே, உங்க கூட்டாளியோட போன் சாம்பாருக்குள்ள அடிக்குது."

அடித்தது போர் முரசு. புதுப் பெட்டி வந்திருக்கிறதாம்.

அன்று வந்த எரிச்சல் இன்றுவரை போகவில்லை. யாரையும் ஏமாற்றாத சரசு சட்டப்படி குற்றவாளி. முரளி நம்பர் எடுக்கும் கடைக்குக்கூடப் பலகை உண்டு, உரிமம் உண்டு, வயதுக் கட்டுப்பாடு உண்டு. என் பெட்டிக்கு எதுவுமே இல்லை. ஐரோப்பாவில் ஒரு நாடு இதைச் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டதாம். அங்கே அந்தப் பெட்டியை விற்கவே முடியாதாம். இங்கே என் வேனின் பின்னிருக்கையில் ஆரம்பப் பள்ளி மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் பெட்டி திறக்கிறார்கள். "ஐயோ, தொப்பி லா" என்று குரல் வரும்போது கண்ணாடியில் பார்ப்பேன்.  வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

சட்டம் என்னைச் சூதாடி என்று ஒரு முறை சொல்லியிருந்தால்... நானும் வீட்டில் உண்மையைச் சொல்லியிருப்பேனோ? இல்லை. இதுவும் ஒரு சாக்குதான். சார்ஜனிடம் கேட்டதற்குப் பதில் சரசுவிடம் சொல்லியிருக்கலாம். வேனை வீட்டுப் பக்கம் திருப்பினால் போதும்.

தீபாவளிக்கு முரளி வரவில்லை. அக்காளுக்குப் பணம் அனுப்பினான். அடுத்த மாதமும் வந்தது. நான் அவனைக் கூப்பிட்டு, "எதுக்கு மச்சான் அனுப்புற?" என்று கேட்டேன்.

"யார் எடுத்தா என்ன மச்சான்? அக்கா கழுத்து வெறுமையா இருக்கு. அதுக்குத்தான்."

அப்போதாவது சொன்னேனா? "சாப்டியா?" என்று கேட்டேன்.

சரசு அந்தப் பணத்தை வேறுவிதமாக எண்ணினாள். "எடுக்காதவன் எதுக்குங்க திருப்பிக் கொடுக்கணும்?" அதற்கு முன்பு அவள் மனத்தில் ஒரு மூலையாவது தம்பிக்காக வாதாடிக்கொண்டிருந்தது. அதுவும் அன்றோடு ஓய்ந்தது.

போன வாரம் விளையாட்டுக் கம்பெனிக்குப் பிறந்தநாளாம். எல்லாருக்கும் சிவப்புப் புலியை இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். பின்னிருக்கையில் எல்லாப் பிள்ளைகளிடமும் புலி இருக்கிறது. என்னிடமும் இருக்கிறது. ஒரு முறை ஏறிப் பார்த்தேன். மெதுவாகத்தான் ஓடுகிறது.

நேற்று சரசு மறுபடியும் கூட்டு ஆரம்பித்தாள். பெண்கள் பணம் கட்டிவிட்டுப் போனதும் டின்னைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். புது டின், பூட்டுப் போட்டது.

"இனிமே இது உங்ககிட்டயே இருக்கட்டுங்க. என் பக்கத்து ஆளுங்கள நம்ப முடியல."

வாங்கிக்கொண்டேன். சாவி இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது.