டெலானிபூர் ஏற்றத்துச் சத்தம்

தங்கையாவின் பிக்கப் வண்டி ஊளையிடும் என்பது போர்ட் பிளேரின் டெலானிபூரில் நாய்களுக்குக்கூடத் தெரியும். ஏற்றத்தின் அடியில் திரும்பி, கியரைக் குறைத்து, அவர் ஆக்சிலேட்டரை மிதித்ததும் வண்டியின் பின்பக்கத்திலிருந்து நீளமாக ஒரு 'ஊ' கிளம்பும். மேலே குவார்ட்டர்ஸ் வரிசை வரைக்கும் கேட்கும். காலை எடுத்தால் நின்றுவிடும். மிதித்தால் மறுபடி ஆரம்பிக்கும். வண்டியை வைத்துப் பிழைக்கிற ஒருவன் இப்படிப்பட்ட சத்தத்தை ஒரு வருஷத்துக்கு மேல் சகித்துக்கொண்டு இருப்பானா என்று கேட்டால், இருக்கமாட்டான்தான். தங்கையா இருந்தார். அதற்கு ஒரு காரணம் இருந்தது, வண்டிக்கும் அந்தக் காரணத்துக்கும் சம்பந்தமில்லை.

அவருடைய அப்பா அம்மா சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேற்றப்பட்டு, நிக்கோபாரின் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள். விடியுமுன் எழுந்து ரப்பர் பால் வெட்டுவது தனக்கு ஒத்துவராது என்று தங்கையா சின்ன வயதிலேயே தீர்மானித்துவிட்டார். போர்ட் பிளேருக்கு வந்து லாரியில் கிளீனராக ஏறினார், டிரைவரானார், பிறகு சொந்தமாக இந்தப் பிக்கப்பை வாங்கினார். கட்டிய மனைவி விஜயகுமாரி அரசாங்க ஆபீசில் கிளார்க். குவார்ட்டர்ஸ் அவள் பெயரில் கிடைத்தது. "பொண்டாட்டி குவார்ட்டர்ஸ்ல ஒண்டியிருக்கிற மாப்பிள்ளை" என்று சேக்காளிகள் வாரினால், "கரண்ட் பில்லு நான்தான்பா கட்டுறேன்" என்று சிரிப்பார். அப்போதெல்லாம் சிரிப்பார்.

காலையில் சாத்தம் ஜெட்டியில், வண்டிகளை ஏற்றிப்போகும் போட்டில் ஏறி, அக்கரையில் பம்பூஃபிளாட் பக்கம் போய்க் காய்கறியும் தேங்காயும் ஏற்றி, சாயங்காலம் எந்த போட்டில் இடம் கிடைக்கிறதோ அதில் திரும்பி, மார்க்கெட்டில் இறக்கிவிட்டு வீடு வருவார். இதுதான் அவர் பிழைப்பு.

ஊளை வந்த கதை சின்னதுதான். பின் அச்சின் நடுவில் பானை வயிறாக உப்பியிருக்கிற டிஃபரன்சியலில் ஆயில் கசிந்தது. மின்னி பேயில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் ஒச்சப்பன்தான் அவருடைய மிஸ்திரி. ஆயிலை அடைக்கிற ரப்பர் சீல் கையிலிருந்தது, அதை மாற்றினான். ஆனால் அந்த இடத்தில் பினியன் என்கிற பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் பெரிய நட்டை ஒருமுறை கழற்றினால் மறுபடி போடக் கூடாது, புதுசுதான் போட வேண்டும். அதன் விளிம்பைத் தட்டிப் பள்ளத்துக்குள் மடக்கித்தான் பூட்டுவார்கள்; இரண்டாம் தரம் தட்டினால் பிடிக்காது. இது ஒச்சப்பனுக்குத் தெரியாததா?

"புது நட்டு மெயின்லேண்டுலேருந்து கப்பல்ல வரணும்ணே. இப்போதைக்குப் பழசையே போட்டு ரெண்டு தட்டுத் தட்டி விடுறேன். சலேகா, ஓடிரும்" என்றான்.

இந்தத் தீவுகளில் பாதி வாழ்க்கை இப்படித்தான் நடக்கிறது. கப்பல் வரும் வரைக்கும் ஓடட்டும் என்று ஒன்றைப் பூட்டிவைப்போம். கப்பல் வரும், போகும், நாம் பூட்டியது அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். நட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. வண்டி ஊளையிட ஆரம்பித்தது.

விஜயகுமாரிக்கு டீ ஆறக் கூடாது. சூடுபண்ணிய டீ என்றால் முகத்தைச் சுளிப்பாள். வண்டி ஓட்டும்போது போனை எடுக்கக் கூடாது என்று அவளே கட்டளை போட்டிருந்தபடியால், எங்கே வருகிறீர்கள் என்று கேட்கவும் வழியில்லை. ஊளை கிளம்பிய முதல் வாரத்திலேயே அவள் ஒரு கணக்குக் கண்டுபிடித்துவிட்டாள். ஏற்றத்தின் அடியில் சத்தம் கேட்டதும் அடுப்பைப் பற்றவைத்தால், அவர் வண்டியை மேலே கொண்டுவந்து சுவரோரம் ஒதுக்கி, தார்ப்பாயை மடித்துவைத்து, கால் கழுவி உள்ளே வரும்போது டீ டம்ளருக்கு வந்திருக்கும்.

"மிஸ்திரிகிட்ட சொல்லி அந்த நட்ட மாத்தணும்" என்றார் தங்கையா ஒரு நாள்.

"மாத்தாதீங்க. அப்புறம் நீங்க வர்றது எனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஊருக்கே தெரியுதே."

"ஊரா உங்களுக்கு டீ போட்டுத் தருது?"

அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காலையில் தலை வலிக்கிறது என்று படுத்தாள். மத்தியானம் ஆஸ்பத்திரியில், மூளைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். மறுநாள் விடியும்போது அவள் இல்லை.

தங்கையா செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார். பந்தலுக்குச் சொன்னார், வந்தவர்களுக்கு நாற்காலி போட்டார், கொள்ளி வைத்தார். கச்சாலிலிருந்து அவருடைய அண்ணனும் அண்ணியும் கப்பல் கிடைத்து வந்துசேரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அழுதுருங்க தம்பி, உள்ள வச்சிருக்காதீங்க" என்றாள். "வரல அண்ணி" என்றார் அவர். பொய் சொல்லவில்லை. அழுகை வரவில்லை. கல்லாகிவிட்டான் என்று பின்னால் பேசிக்கொண்டார்கள், அது அவர் காதிலும் விழுந்தது. அதுவும் வலிக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வண்டியை எடுத்தார். லோடு ஏற்றினார், இறக்கினார். நாக்கில் உறைப்பும் தெரியவில்லை, புளிப்பும் தெரியவில்லை. மழையில் நனைந்தால் நனைந்தபடி நின்றார். காலேஜில் கடைசி வருஷம் படிக்கும் மகள் கார்த்திகாவிடம் தினமும் "சாப்பிட்டியாம்மா" என்று கேட்பார். அவள் பதில் சொல்வதற்குள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக்குள் போனால் மேஜைமேல் டீ இருக்கும். குடிப்பார். டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பார். டிவியைப் போட்டுக்கொண்டு உட்காருவார். அதில் என்ன ஓடியது என்று கேட்டால் தெரியாது.

நாள் முழுக்கவும் இப்படி மரத்துக் கிடந்தவருக்கு, ஏற்றத்தின் அடியில் அந்தச் சத்தம் கிளம்பும்போது மட்டும் உள்ளே ஏதோ ஒன்று அசையும். அவ்வளவு தூரம் ஏறி முடிக்கும் வரைக்கும் விஜயகுமாரி அடுப்படியில் இருப்பாள். நெருப்புப் பெட்டியைத் தேடுவாள். உச்சியில் காலை எடுத்ததும் போய்விடுவாள். அவளில் அவருக்கு மிஞ்சியது அந்த ஏற்றம்தான். நட்டை மாற்றினால் அதுவும் போய்விடும்.

அதனால்தான் ஒச்சப்பனைக் கண்டால் நழுவினார். ஒச்சப்பனா விடுகிற ஆள்? மார்க்கெட்டில் பார்த்தால் வண்டியின் ஜன்னலைப் பிடித்துக்கொள்வான்.

"அண்ணே, சாமான் கப்பல்ல வந்து எம்புட்டு நாளாச்சு. நட்டு, சீலு, பேரிங், ஸ்லீவு எல்லாம் ஷெல்புல தூசி அடையுது. வண்டிய விடுங்கண்ணே."

"இந்த வாரம் லோடு ஜாஸ்திப்பா."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. நட்டு முழுசாக் கழண்டுச்சுன்னா பினியன் முன்னால வந்துரும். ஏத்தத்துல இழுவை இருக்காது, இல்லாட்டி வீலு லாக் ஆகிரும். எது நடந்தாலும் நீங்க இருக்க மாட்டீங்க."

"சரி, பாப்போம்" என்பார். இருக்கமாட்டீங்க என்பது அவருக்கு ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை.

மாசி பிறந்த சமயம், ஒரு மத்தியானம் சாத்தம் ஜெட்டியில் கடல் வற்றிக் கிடந்தது. அந்த மாதிரி நேரத்தில் போட்டிலிருந்து கரைக்கு ஏறும் சரிவு செங்குத்தாக நிற்கும். தேங்காய் லோடோடு தங்கையா ஏறினார். பாதியில் 'டொக்' என்று ஒரு சத்தம். எஞ்சின் கத்துகிறது, சக்கரம் இழுக்கவில்லை. வண்டி பின்னால் உருண்டது. பிரேக்கை மிதித்து நிறுத்துவதற்குள் ஒரு கை தூரம் போய்விட்டது. போட்காரன் ஓடிவந்து சக்கரத்துக்குக் கட்டையைக் கொடுத்தான்.

கண்ணாடியில் பார்த்தார். பின்னால் ஒரு ஸ்கூட்டர் சாய்ந்து நின்றது. அதை ஓட்டிவந்த பையன் ஒரு காலால் தாங்கிக்கொண்டு நின்றான். அவன் மனைவி கைக்குழந்தையை மார்போடு சேர்த்துக் கம்பித் தடுப்பில் ஒட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கண்ணாடி வழியாக அவரையே பார்த்தாள்.

ஈரக்குலை நடுங்க வேண்டிய நேரம். தனக்கு நடுங்கவில்லை என்பதைத் தங்கையாவே கவனித்தார். நான் போனால் போகிறேன், அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது என்று ஒரு நினைப்பு வந்தது. அதுவும் வேறு யாரோ சொல்லிக் கேட்கிற மாதிரி இருந்தது. ஆனாலும் சரியான நினைப்பு. லோடை ஜெட்டியிலேயே வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, ஆட்களைப் பிடித்து வண்டியை மேலே தள்ளச் சொல்லி, உள்ளே பினியன் பல் மறுபடி பிடித்ததும் நடை வேகத்தில் நேராக மின்னி பே ஒர்க்ஷாப்புக்குப் போனார்.

"பண்ணிரு மிஸ்திரி" என்றார்.

ஒச்சப்பன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஜாக்கியை எடுத்துவந்தான். பின் அச்சைத் தூக்கி, அடியில் மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்தான். சுழலும் நீள ஷாப்டைக் கழற்றிக் கீழே இறக்கினான். பினியன் முனையைப் பிடித்து ஆட்டினால் அது விழப்போகிற பல்லாக ஆடியது. நட்டுக்கு ஸ்பேனர்கூடத் தேவைப்படவில்லை. விரலாலேயே சுற்றி எடுத்து அவர் கையில் போட்டான்.

"இதுலதான் இம்புட்டு நாளும் ஓட்டியிருக்கீங்க. உள்ள பல்லு உடையாம இருக்கே, உங்க நல்ல நேரம்."

புது பேரிங் போனது, புது ஸ்லீவ் போனது, சீல் போனது. கடைசியில் நட்டு. ஸ்பேனரில் நீளமாக ஒரு பைப்பைச் சொருகி ஒச்சப்பன் தொங்கினான். பினியனும் கூடவே திரும்பாமல் இருக்கத் தங்கையா கடப்பாரையால் அடக்கிப் பிடித்தார். கொஞ்சம் முறுக்குவான், பைப்பைக் கீழே வைப்பான், பினியனைக் கையால் சுற்றிப் பார்ப்பான். மறுபடி கொஞ்சம் முறுக்குவான்.

"ஒரேயடியா முறுக்கி விட்டா என்ன?"

"உள்ள இருக்கிற ஸ்லீவு நசுங்கித்தாண்ணே இறுக்கம் கொடுக்கும். கம்மியா நசுங்குனா ஊளை. கூடுதலா நசுங்கிருச்சுன்னா பேரிங் கருகிரும், ஸ்லீவ வேற மாத்தணும். நசுங்குனது திரும்ப நிமிராது." விலகி அவருக்கு இடம் விட்டான். "நீங்க சுத்திப் பாருங்க. லேசாப் பிடிக்கிற மாதிரி இருக்கா?"

தங்கையா சுற்றிப் பார்த்தார். பிடிக்கிறதா இல்லையா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "நீயே பாத்துக்க" என்றார்.

ஒச்சப்பன் இன்னும் இரண்டு தடவை முறுக்கினான், சுற்றினான், தலையாட்டினான். உளியை வைத்து நட்டின் விளிம்பைப் பள்ளத்துக்குள் தட்டி மடக்கினான். ஷாப்டைப் பூட்டி, ஆயில் ஊற்றி, வண்டியை ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவந்தான்.

"கேளுங்கண்ணே."

"என்னத்த?"

"அதான். ஒன்னுமே கேக்கல பாருங்க" என்றான் பெருமையாக.

வெளிச்சம் இருக்கும்போதே தங்கையா டெலானிபூர் வந்தார். ஏற்றத்தின் அடியில் திரும்பினார், கியரைக் குறைத்தார், மிதித்தார். எஞ்சின் சத்தம் மட்டும்தான். இன்னும் அழுத்தி மிதித்தார். வண்டி சுகமாக ஏறியது. வழக்கமாக விஜயகுமாரி வருகிற இடத்தில் அவள் வரவில்லை. பாதி தூரம் வரைக்கும் எதிர்பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். மேலே வந்து வண்டியைச் சுவரோரம் ஒதுக்கினார், தார்ப்பாயை மடித்தார், கால் கழுவி உள்ளே போனார்.

மேஜை காலியாக இருந்தது.

என்னவோ குறைகிறது என்று தெரிந்தது. என்ன என்று பிடிபடவில்லை. காலி மேஜையைப் பார்த்தபடி நின்றார். பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்த கார்த்திகா ஈரக் கையோடு வந்து, அவரைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"எப்பப்பா வந்தீங்க? வண்டிச் சத்தமே கேக்கலையே."

"நட்ட மாத்தியாச்சு."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? சத்தம் கேட்டாத்தான நான் அடுப்பப் பத்த வைப்பேன்."

"நீயா?" என்றார்.

"பின்ன யாரு?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். தங்கையா அங்கேயே நின்றார். பின்னே யார்? இத்தனை மாதமாக மேஜைமேல் இருந்த டீயை யார் வைத்தது என்று அவர் நினைத்துப் பார்க்கவேயில்லை. ஏற்றம் ஏறும்போதெல்லாம் செத்தவள் அடுப்படியில் நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டு வந்தாரே, அங்கே உயிரோடு ஒருத்தி காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். அந்த நினைப்பு நெஞ்சில் குத்தியது. நெடுநாளைக்குப் பிறகு ஒன்று குத்தி, அது குத்துகிறது என்று அவருக்குத் தெரிந்தது.

அடுப்படி வாசலில் போய் நின்றார். மகள் பாலை ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் மெலிந்திருப்பது இப்போதுதான் கண்ணில் பட்டது.

"இனிமே நீங்க வர்றது எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள், திரும்பாமலே.

"அடியில திரும்புறப்ப ஹார்ன் அடிக்கிறேன்மா."

டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். நின்றபடியே ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. டீயா அது, பாகு. இதை மனுஷன் குடிப்பானா?

"இவ்வளவு சக்கரையா போடுவ?"

கார்த்திகா அவரையே பார்த்தாள்.

"அம்மா போனதுலேருந்து இப்பிடித்தான்ப்பா போடுறேன். கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டிக்கிட்டே வந்தேன். ஒரு நாளாச்சும், என்னடி இதுன்னு கேப்பீங்கன்னு பாத்தேன்."

தங்கையாவுக்கு அழுகை வந்தது. கையில் டம்ளரைப் பிடித்தபடி, மகள் முன்னால், தோள் குலுங்க அழுதார். நடுவில், "என்னடி இது" என்றார். அது வார்த்தையாக வெளியே வரவில்லை, ஆனால் அவளுக்குக் கேட்டது. டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிவைத்துவிட்டு, சர்க்கரையைக் குறைத்து வேறு டீ போடுவதற்குப் பாலை மறுபடி அடுப்பில் ஏற்றினாள்.