கடைசி வரிசை முகம்

விலை குறைவாக ஒரு பெரிய டிவி தேடிக் குத்தாலத்துக் கடைக்குப் போனபோது அவரைப் பார்த்தேன். வெயிலில் கறுத்த, மெலிந்த பெரியவர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைப்பதும் மாட்டுவதுமாகவே இருந்தார்.

கடைக்காரர் டிவியில் ஓடவிட்ட அருவியையும் கிளியையும் அவர் பார்க்கவில்லை. ஒரு பென்டிரைவை நீட்டினார். வளைகுடா நாட்டில் நம் பக்கத்துப் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் கொண்டாடும் வீடியோ அது.

"கடைசி வரிசையில தூணோரமா நிக்கிறான் பாருங்க, எம் மவன் மாதிரியே இருக்கு," என்றார் என்னிடம். "அங்க போனவன்கிட்டேருந்து ஒரு வருஷமா தகவலே இல்லங்க. போன்ல முகம் பிடிபடல. அதான் பெரிய டிவியா பாக்குறேன்."

கடைக்காரர் முதலில் போட்ட விலை குறைந்த டிவியில் அந்த முகம் பெரிதானதே தவிர கலங்கலாகவே இருந்தது. அவர் அதன் கன்னத்தைத் தொட்டார்.

"இது கொஞ்சம் விலை கூட, ஆனா படம் கண்ணாடி மாதிரி இருக்கும்," என்று கடைக்காரர் பக்கத்து டிவியில் அதையே போட்டார். மூக்கு, மீசை, புருவத்துத் தழும்பு எல்லாம் தெரிந்தன. பெரியவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"உங்க மகன்தானாங்க?" என்று கேட்டேன்.

இல்லையென்று தலையை ஆட்டினார். பிறகு அவரே வீடியோவை நிறுத்தச் சொன்னார்.

வேறு ஏதாவது காட்டட்டுமா என்று தயங்கிக் கேட்டார் கடைக்காரர்.

"வேணாம் தம்பி. மொதல்ல போட்டீங்களே, அந்த டிவியையே கட்டிக் குடுங்க. அவன் அம்மா அதுல பாக்கட்டும்."