அக்காவுக்காகப் போட்ட கூடாரம்

தாலுகா அலுவலகத்தில் சாதிச் சான்றிதழ்க் கோப்புகளோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவன் நான். நாடோடி யார் என்பதற்கு விதி கேட்பது இரண்டே: நீ உன்னை யார் என்கிறாய், ஊர் உன்னை யார் என்கிறது. இதில் இரண்டாவதை எப்படி நிரப்புவது என்று எனக்கு முதலில் காட்டியவள் அக்கா. அப்போது எனக்கு ஏழு வயது.

நாங்கள் குருவிக்காரர்கள், நாடோடிச் சாதி. நைனாவுக்குத் தங்கச் சுரங்கத்தில் வேலை கிடைத்ததால் சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் குடியிருந்தோம். அக்காவுக்கு ஹாஸ்டலில் இடம் வேண்டும். அதற்கு நாடோடிச் சான்றிதழ் வேண்டும். விசாரிக்க ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும், ஊர் ஊராகப் பாசிமணி விற்கும் மாமா பதறினார்.

"ஓட்டு வீட்டைப் பாத்தா எவன்டா நாடோடின்னு எழுதுவான்?"

வாசலில் தார்ப்பாய்க் கூடாரம் எழுந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று கல் வைத்து அடுப்பு, கழுத்து நிறைய மணி! பத்து முறை உள்ளே போய் வெளியே வந்தேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். "எத்தனை நாளா இங்க இருக்கீங்க?"

"நேத்துதான் சாமி வந்தோம்" என்றார் மாமா பெருமையாக.

"நேத்து வந்தவங்களுக்கு இந்த ஊர்ல சர்டிபிகேட் கிடையாது."

நைனா ரேஷன் கார்டோடு ஓடிவந்தார். "பத்து வருசமா இங்கதான் சார்!"

"அப்புறம் இன்னா நாடோடி?"

அவர் குழாயடியில் நின்ற பக்கத்து வீட்டம்மாவைக் கேட்டார். அந்த அம்மா அன்பாகச் சிரித்தார். "நம்மள மாதிரிதான் சார். நாங்க வித்தியாசமே பாக்கறதில்ல."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

 அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். நிறைந்திருந்த அந்த அம்மாவின் குடத்தைக் கையால் தொட்டு நகர்த்தினாள்.

"ஏய்! குருவிக்காரி! தொட்டுட்டியேடி!" அந்த அம்மா தண்ணீர் முழுவதையும் தரையில் கொட்டினார்.

பேனா மறுபடி திறந்தது. நின்றபடியே எழுதினார்.

மாமா விசிலடித்தார். நான் குதித்தேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"அந்தம்மா கத்துவாங்கன்னு உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"வீட்டுக்கு தினம் தண்ணி புடிக்கிறது யாரு?" என்றாள்.

கேட்டதற்கு இது என்ன பதில் என்று எனக்கு விளங்கவில்லை. இன்னும் ஒரு நாளாவது தார்ப்பாயைப் பிரிக்க வேண்டாம் என்று மாமாவிடம் கெஞ்ச ஓடிவிட்டேன்.