சைபர் நிறைந்த இரண்டு தாள்

எனக்கு எழுபத்து மூன்று வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள். இதை எழுத்துக் கூட்டி எழுத நாலு நாள் ஆனது.

கடைசி மகள் தன் பெண்ணோடு எருமப்பட்டியில் என்னோடு இருக்கிறாள். கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டும் விளையாட்டு ஒன்று உண்டு. தண்டவாளம், சிக்னல் எல்லாவற்றையும் அதைச் செய்த கம்பெனி தனக்கு மட்டும் புரியும் முறையில் எழுதி, ஃபைலாக மூடி வைத்திருக்கிறது. என் மகள் அதை வெளியிலிருந்தே ஆராய்ந்து, திறக்கவும் திருத்தவும் ஒரு கருவி செய்தாள். அதை வைத்து யாரும் தங்கள் ஊர்ப் பாதையை விளையாட்டுக்குள் போடலாம். அவள் சேலத்திலிருந்து நாமக்கல் வரும் பாதையைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இதென்ன பெரிய வித்தை? நான் முப்பது வருசம் செஞ்சதுதான்" என்பேன். குஞ்சு பொரிக்கும் பண்ணையில் முட்டையை விளக்கின் மேல் வைத்து, உடைக்காமலே உள்ளே பார்ப்பது என் வேலை. கரு இல்லாததை ஒதுக்கிவிடுவோம். என் கைக்குத் தப்பிய முட்டை கிடையாது.

சில மாதம் முன்பு கம்பெனி விளையாட்டைப் புதுப்பித்தது. அன்றிலிருந்து மகளின் கருவி எதையும் திறக்கவில்லை. அதை வைத்திருந்தவர்கள் எங்கெங்கிருந்தோ திட்டி எழுதினார்கள். திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்ததால், பழைய ஃபைலையும் புது ஃபைலையும் எண்ணெண்ணாகத் தாளில் அச்சடித்து வந்தாள்.

"அம்மா, பழசு ஒரு கட்டு, புதுசு ஒரு கட்டு. வரிசை மாறாம அடுக்கிக் குடுங்க."

அடுக்கினேன். புதுக் கட்டில் இரண்டு தாள் முழுக்க சைபர், வெறும் பூஜ்ஜியம். ஒன்றுமில்லாதது எதற்கென்று கை தானாக ஒதுக்கியது. அரிசி டின்னுக்கு அடியில் விரித்துவிட்டேன்.

எட்டு நாள் அந்தக் கட்டுகளை வைத்துக் கணக்குப் போட்டாள். சரியாகச் சாப்பிடவில்லை. ஒன்பதாம் நாள் பேனாவை வைத்துவிட்டாள்.

"போதுமுங்கம்மா. எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு உட்டுடறேன். என்ற மண்டைல ஒண்ணுமில்லைங்க."

"கருவில்லாத முட்டையா அது? விளக்குல வெச்சுப் பாத்தரலாம் வா" என்று கேலி செய்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "நடுவுல எங்கியோ எடம் உட்டு, மத்ததையெல்லாம் பின்னால தள்ளியிருக்கோணும். அது எங்கீன்னுதான் தெரியல."

நான் ஒதுக்கிய சைபர் தாள்கள் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. அவள் குளிக்கப் போனதும், டின்னை நகர்த்தி இரண்டு தாளையும் எடுத்து, முன்பு இருந்தபடியே நாலாம் தாளுக்குப் பின் செருகினேன்.

கட்டை மறுபடி புரட்டியவள், "அம்மா! இங்கதானுங்க! சும்மா சைபரா நெரப்பி எடம் உட்டிருக்கறாங்க! எட்டு நாளா இது எப்படீங்க என்ற கண்ணுல படாமப் போச்சு?" என்று கத்தினாள். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

கருவி சரியாயிற்று. கண்தான் கெட்டுவிட்டது என்று அவள் நாமக்கல் போய்க் கண்ணாடி வாங்கி வந்தாள். தினமும் அதைத் துடைத்துப் போடுவதைப் பார்க்க எனக்கு உறுத்தலாக இருக்கிறது. அடுத்து கம்பெனி எதையாவது மாற்றும், மறுபடி கட்டு வரும். அதற்குள் சொல்லிவிட வேண்டும். நேரில் சொல்ல நாக்கு எழவில்லை, அதனால்தான் எழுதினேன்.

பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள். இந்தா சாமி, இதைப் படிச்சுக் காட்டு. உங்கம்மா உள்ளதான் இருக்கறா, சத்தமாப் படி.